நின்றுபோன மணிக்கூடும் நம் வீட்டுத் தமிழும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்ட மலர்க் குழுவினர், "தாய்மொழியின் சிறப்பு" என்ற தலைப்பையும் தாமே தந்தனர். அதே தலைப்பில் முன்னைய மலர்களில் நாம் மூன்று முறை எழுதியிருக்கின்றோம். அவற்றைப் படித்துவிட்டுத் தமிழ் பேசத் தொடங்கிய பிள்ளை ஒன்றையேனும் நாம் இதுவரை காணவில்லை. ஆகவே இவ்வாண்டு மொழியின் சிறப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, எமது வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய மின்மணிக்கூடு ஒன்றைப் பற்றி எழுத விரும்புகின்றோம். அதனைத் திருத்த முயன்றபோது எமக்குக் கிடைத்த பாடம், தாயகத்திலும் இங்குமாக இத்தனை ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும் நாம் கற்காத பாடமாகும்.

லா ஷோ-து-ஃபோனில் வாழும் எமக்கு மணிக்கூடு புதிய பொருளன்று. ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில், நீண்ட பனிக்காலத்தைத் தாங்கி நிற்கும் இந்த ஊர் மணிக்கூட்டாலே வளர்ந்த ஊர். 1794ஆம் ஆண்டு பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதன் பின்னர் தெருக்களை நேராகவும் ஒன்றற்கொன்று இணையாகவும் அமைத்து, வீடுகளுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்குமாறு ஊரைக் கட்டியெழுப்பினர். எம்மவர் பலர் விடியற்காலையில் வேலைக்குச் செல்லும்போது அண்ணாந்து பார்க்கும் அந்த நெருக்கமான, உயர்ந்த யன்னல்கள் வெறும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. சின்னஞ்சிறு பற்சக்கரங்களைச் செய்தவர்கள் அந்த யன்னல்களின் ஓரத்திலேதான் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். அயலூரான லு லோக்லையும் எமது ஊரையும் ஒருசேர 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது.

இந்தத் தொழிலின் தொடக்கம் பற்றி இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. 1665ஆம் ஆண்டு பிறந்த தானியேல் ஜான்றிஷார் என்பவர், அண்மையிலுள்ள லா சாஞ் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1679ஆம் ஆண்டு, அவர் பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, இலண்டனிலிருந்து திரும்பிய குதிரை வணிகர் ஒருவர் பழுதடைந்த சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை அவரிடம் காட்டினாராம். சிறுவன் அதனைத் திறந்து பார்த்தான், திருத்திக் கொடுத்தான், உள்ளே கண்டவற்றை மனத்திற் பதித்து, பின்னர் அதுபோன்ற கடிகாரம் ஒன்றைத் தானே செய்தான். இக்கதையில் உண்மை எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பதை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். இம்மலைநாட்டு மக்கள் தம் பெருந்தொழிலின் பிறப்பை ஒரு திருத்த வேலையிலிருந்து தொடங்கிச் சொல்கின்றனர் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

இனி எமது மணிக்கூட்டுக்கு வருவோம்.

நாம் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதியவர் ஒருவர் வசித்து வந்தார். இளமை முதல் இவ்வூர்த் தொழிற்கூடம் ஒன்றிலே வேலை செய்தவர். உடல் தளர்ந்து முதியோர் இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தபோது, தம்முடைய பொருள்கள் பலவற்றை அயலவர்க்குக் கொடுத்தார். எமக்குக் கிடைத்தது வட்டமான இரும்புக் கூடும் வெள்ளை முகத்தட்டும் கொண்ட ஒரு சுவர் மணிக்கூடு. நொடிமுள் இல்லை. சாவி கொடுக்கத் துவாரமில்லை. பற்றரி வைக்க இடமுமில்லை. பின்புறத்திலே இரண்டு கம்பிகள் மாத்திரம் நீட்டிக்கொண்டிருந்தன. முட்கள் நான்கு மணி பதினேழு நிமிடத்தில் நின்றிருந்தன.

"ஓடாத மணிக்கூட்டை வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ, கூடாது" என்றார் எமது துணைவியார். பதினான்கு வயது மகன் பிரெஞ்சு மொழியிலே, புதிய மணிக்கூடு இருபது பிராங்குக்கும் குறைவாக வாங்கலாமே என்றான். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. எனினும் ஒரு முதியவர் தம் கையால் தந்த பொருளைக் குப்பையில் இட எமக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, பாடசாலை முடிந்து வீடு திரும்பியதும், அதனைச் சமையலறை மேசையிலே வைத்துத் திறந்தோம்.

மகன் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "இதென்னப்பா?" என்று கேட்டான். "பற்சக்கரம்" என்றோம். "இது?" "அச்சு." "இது?" "செப்புக் கம்பிச் சுருள். மின்சாரம் போனால் காந்தமாக மாறும்." அவன் மேலும் கேட்டான், நாம் மேலும் சொன்னோம். சில பாகங்களுக்கு எமக்கே தமிழ்ப் பெயர் தெரியவில்லை. அவற்றுக்கு இருவரும் சேர்ந்து பெயர் வைத்தோம்.

முதலில் நாம் செய்தவை எல்லாம் பிழைகளே என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும். எண்ணெய் உலர்ந்துவிட்டது போலும் என்று எண்ணித் தையல் இயந்திரத்து எண்ணெயைத் தாராளமாக விட்டோம். மணிக்கூட்டுக்கு ஊசிமுனையளவு எண்ணெய், அதுவும் அச்சுமுனைகளுக்கு மட்டுமே போதும் என்பதைப் பின்னரே அறிந்தோம். விட்டதைத் துடைத்தெடுக்க ஒரு மணிநேரம் சென்றது. பின்னர் சிறிய பற்றரி ஒன்றைக் கம்பிகளில் இணைத்தோம், முள் அசையவில்லை. சுருள் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினோம். மகன் பாடசாலையிற் பழகிய மின்மானியை வைத்துப் பார்த்து, சுருள் அறுபடவில்லை என்றான். எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் மணிக்கூடு ஓடாத காரணம் எமக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகனையும் அழைத்துக்கொண்டு முதியோர் இல்லம் சென்றோம். நாம் தட்டுத்தடுமாறிக் கேட்டதை மகன் நல்ல பிரெஞ்சில் எடுத்துரைத்தான். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மணிக்கூடு பழுதடையவே இல்லை என்றும், அது தனியே ஓடும் மணிக்கூடன்று என்றும் கூறினார். தொழிற்கூடத்தின் அலுவலகத்திலே ஒரு பெரிய மணிக்கூடு இருந்ததாம். அது நிமிடத்துக்கு ஒருமுறை கம்பி வழியாக ஒரு மின்துடிப்பை அனுப்பும். ஒவ்வோர் அறையிலும் மாட்டப்பட்டிருந்த மணிக்கூடுகள் எல்லாம் அத்துடிப்பைப் பெற்று ஒரே கணத்தில் ஒரு நிமிடம் முன்னேறும். தொழிற்கூடம் மூடப்பட்ட நாளிலே பெரிய மணிக்கூட்டை நிறுத்தினர். அறைகளில் இருந்தவையும் அப்படியே நின்றன.

அந்தப் பெரிய மணிக்கூட்டுக்குப் பிரெஞ்சு மொழியில் என்ன பெயர் என்று கேட்டோம். "ஒர்லோஜ் மேர்" என்றார். மகன் எம்மைத் திரும்பிப் பார்த்து, "அம்மா மணிக்கூடு எண்டு சொல்லுறார் அப்பா" என்றான். தாய்மணிக்கூடு! ஜெர்மன் மொழியிலும் இதே பெயர்தான். அம்மொழியில் அறைகளில் உள்ளவற்றுக்கு மகள் மணிக்கூடுகள் என்ற பெயரும் உண்டு.

இத்தகைய மணிக்கூடுகளுக்கும் எமது மாநிலத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. மின்சாரத்தால் இயங்கும் மணிக்கூட்டுக்கு முதன்முதலில் 1841ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெய்ன். ஜெர்மனியில் 1813ஆம் ஆண்டு பிறந்து சுவிற்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்த மத்தேயுஸ் ஹிப் என்பவர், 1860ஆம் ஆண்டு முதல் நூஷாத்தெல் நகரிலே தந்திக் கருவிகளுடன் மின்மணிக்கூடுகளையும் செய்து புகழ்பெற்றார். அதே நகரில் 1858ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானாய்வு நிலையம், விண்மீன்களை நோக்கிக் கணித்த சரியான நேரத்தைத் தந்திக் கம்பி மூலம் மலைமேலுள்ள மணிக்கூட்டு ஊர்களுக்கு அனுப்பியது. மாணவர்களே, எமது புகையிரத நிலையத்தின் மணிக்கூட்டை ஒருமுறை நின்று பாருங்கள். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்னும் பொறியியலாளர் 1944ஆம் ஆண்டு வடிவமைத்தது அது. அதன் சிவப்பு நொடிமுள் ஐம்பத்தெட்டரை நொடி அளவில் ஒரு சுற்றை முடித்து, உச்சியில் சற்றே நின்று, தாய்மணிக்கூட்டின் துடிப்பு வந்தபின்னரே மீண்டும் புறப்படும்.

சுவர் மின்சாரத்தில் ஓடும் மணிக்கூடுகளும் தனித்து ஓடுபவை அல்ல. மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதை எண்ணியே அவற்றுட் பல நேரம் காட்டுகின்றன. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான பிணக்கினால் மின்வலையில் ஏற்பட்ட குறை ஈடுசெய்யப்படாமற் போயிற்று. அதனால் ஐரோப்பாவின் பல நாடுகளிலே அடுப்பிலும் வானொலியிலும் இருந்த மணிக்கூடுகள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பிந்தின. எங்கோ ஓரிடத்துக் குறை எல்லார் சமையலறையிலும் தெரிந்தது.

முதியவரிடம் விளக்கம் பெற்றபின், ஒன்பது வோல்ற் பற்றரிகள் மூன்றைத் தொடராக இணைத்தோம். கம்பியைத் தொட்டதும் "டக்" என்ற ஒலியுடன் நிமிடமுள் ஒரு கோடு நகர்ந்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். மறுபடி தொட்டோம், அசையவில்லை. பத்து முறை தொட்டோம்; அசையவில்லை. மீண்டும் பழுதோ என்று நாம் சோர்ந்திருக்கையில், மகன் தவறுதலாகக் கம்பிகளை இடம் மாற்றிப் பிடித்துவிட்டான். "டக்!" முள் நகர்ந்தது. அவனுடைய கண்கள் விரிந்தன. "அப்பா, ஒருக்கா இந்தப் பக்கம், ஒருக்கா அந்தப் பக்கம் குடுக்கவேணும்!" என்றான்.

அவன் கண்டது முற்றிலும் சரி. உள்ளே ஒரு காந்தச் சுழலி இருக்கின்றது. மின்னோட்டம் ஒரு திசையிற் சென்றால் அது திரும்பி நிற்கும். அதே திசையில் மீண்டும் நூறு முறை கொடுத்தாலும் அது திரும்பிய இடத்திலேயே நிற்கும். எதிர்த்திசையிலும் மின்னோட்டம் வந்தாற்றான் அடுத்த நிமிடத்துக்குச் செல்லும்.

அப்போது இரவு எட்டு மணி நாற்பது நிமிடம். முட்களைக் கையால் திருப்பிவிடலாம் என்றோம். மகன் சம்மதிக்கவில்லை. துடிப்புக் கொடுத்தே கொண்டுவரப் போவதாகச் சொன்னான். "அப்படியானால் தமிழில் எண்ணு" என்றோம். இருநூற்று அறுபத்தொரு துடிப்புகள். எண்ணி முடிப்பதற்குள் நேரமும் ஓடியதால் மேலும் ஒன்பது.

எண்பத்தொன்பது வரை எண்ணியவன் சற்றே நின்று, "தொண்ணூறு" என்று சொல்லிவிட்டு, "அப்பா, தொண்ணூறிலை ஏன் நூறு இருக்குது? அது நூறு இல்லையே!" என்று கேட்டான். ஆசிரியராக இருந்த காலத்தில் எந்த மாணவனும் எம்மிடம் கேட்காத கேள்வி அது. எண்பது என்பதில் எட்டும் பத்தும் இருப்பதையும், தொண்ணூறு என்பது அடுத்துவரும் நூற்றின் பெயரையும், தொள்ளாயிரம் என்பது அடுத்துவரும் ஆயிரத்தின் பெயரையும் தாங்கி நிற்பதையும், ஒன்பதுக்குப் பழந்தமிழில் தொண்டு என்ற பெயரும் இருந்ததையும் எடுத்துரைத்தோம். அவன் விடவில்லை. பிரான்சு நாட்டவர் தொண்ணூற்றை "நான்கு இருபதும் பத்தும்" என்று சுற்றிவளைத்துச் சொல்ல, இங்குள்ளவர்கள் "நோனாந்த்" என்று ஒரே சொல்லில் முடிப்பதை எமக்கு அவன் விளக்கினான். கைகள் கம்பிகளை மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டே இருந்தன. இரவு எட்டு மணி நாற்பத்தொன்பதுக்கு முள் வந்து சேர்ந்தபோது, நாம் ஒன்றை உணர்ந்தோம். அந்த இரண்டு கிழமைகளில் எம்முடைய மகன் எம்மோடு பேசிய தமிழ், அதற்கு முந்திய ஓராண்டில் பேசியதிலும் அதிகம்.

இதனை நினைந்து அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாம் தமிழாசிரியர். ஆயினும் எமது வீட்டிலே நாம் மகனோடு பேசும் தமிழ் எது என்று எண்ணிப் பார்த்தோம். "எழும்பு. நேரம் போயிற்று. வெளிக்கிடு. சாப்பிடு. வீட்டுப்பாடம் செய். தொலைபேசியை வை. படு." இலக்கணத்திலே இவற்றை ஏவல் வினைமுற்று என்போம். காலை முதல் இரவு வரை மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நாம் இட்ட ஏவல்களே எமது வீட்டுத் தமிழாக இருந்தன. அவற்றுக்குப் பிள்ளை சொல்லவேண்டிய மறுமொழி "ஓம்" என்ற ஒரு சொல். பெரும்பாலும் அதுவும் இல்லை. பாடசாலையில் நடந்தது, நண்பன் சொன்ன பகிடி, மனத்திலுள்ள கவலை யாவும் பிரெஞ்சிலே பிறந்து பிரெஞ்சிலே முடிந்தன.

ஒரே திசையில் நூறு முறை மின்னோட்டம் கொடுத்தும் நகராத முள்ளை நாம் மேசையிலே கண்டோம். எமது வீட்டிலும் அதுவே நடந்துகொண்டிருந்தது.

பெற்றோர் பலர் எம்மிடம் வந்து, "மாஸ்ரர், பிள்ளைக்குத் தமிழ் வருகுதில்லை" என்று முறையிடுவதுண்டு. பழுது பிள்ளையிடம் இருப்பதாக அவர்கள் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணிப் பயிற்சித் தாள்களைப் பெருக்கினோம். உண்மையில் பெரும்பாலான பிள்ளைகளிடம் எந்தப் பழுதும் இல்லை, சுருள் அறுபடவில்லை, பற்சக்கரங்கள் நன்றாகவே இருக்கின்றன. வரவேண்டிய துடிப்புத்தான் வருவதில்லை. வாரத்துக்கு 168 மணிநேரம் உண்டு. அதில் எமது பாடசாலைக்குக் கிடைப்பது இரண்டு. ஆண்டுக்கு நாற்பது வாரம் தவறாது வந்தாலும் எண்பது மணிநேரம். அதாவது நான்கு நாள்கூட நிரம்பவில்லை. வாரத்துக்கு ஒருமுறை துடிக்கும் தாய்மணிக்கூட்டை வைத்து எந்த மணிக்கூடும் சரியான நேரம் காட்டாது. பாடசாலையைத் தாய்மணிக்கூடு என்று நம்பியிருப்பது பெற்றோர் செய்யும் பிழை. அப்படி நம்பும்படி விழா மேடைகளிலே பேசிவந்தது எம் போன்ற ஆசிரியர் செய்த பிழை.

தாயகத்தில் நாம் கற்பித்த காலத்தை இங்கே நினைவுகூர வேண்டும். வன்னியிலே எமது பாடசாலைக்கு மணி கிடையாது. மரக்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்போம். 1996ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஒக்ரோபரிலும் இலங்கை அரசு நேரத்தை மாற்றியபோது வன்னியிலே அம்மாற்றம் ஏற்கப்படவில்லை. 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரே தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன. 2002ஆம் ஆண்டு பாதை திறந்தபின் ஓமந்தையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரைமணி மாற்றிக்கொண்டனர். பொதுப்பரீட்சை நாளிலே, அச்சிட்ட நேரத்திலிருந்து அரைமணி கழித்துக் கணக்கிடுமாறு பிள்ளைகளுக்கு நாம் படித்துப் படித்துச் சொல்வோம். இத்தனை குழப்பத்திலும் தமிழ் எமக்கு ஒரு கவலையாக இருந்ததில்லை. சந்தையிலும் வயலிலும் பதுங்குகுழியிலும்கூடப் பிள்ளையின் காதில் தமிழே விழுந்தது. பிள்ளையின் வாயிலிருந்தும் தமிழே வந்தது. ஊர் முழுவதும் தாய்மணிக்கூடாக இருந்தது. ஆசிரியர் செய்யவேண்டியது பிழை திருத்துவது மட்டுமே. அந்த நினைவோடு இங்கே வந்து, அதே முறையிற் கற்பிக்க முனைந்தோம். அதுவே எமது தவறு.

அக்காலத்தில் பொருளைத் திருத்துவதும் எமக்கு இயல்பாக இருந்தது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்திலே சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். வறுமையாலும் தடையாலும் திருத்தினோம். ஆகவே திருத்துவது வறியவர் வேலை என்ற எண்ணம் எம்முள் ஊறிவிட்டது. இங்கு வந்து கையிற் காசு புழங்கியதும், பழையதை எறிந்து புதியது வாங்குவதே முன்னேற்றம் என்று கருதத் தொடங்கினோம். இந்த ஊரவர் அப்படிக் கருதவில்லை. நிலத்துக்கு அடியிலே 1974ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எமது ஊரின் பன்னாட்டு மணிக்கூட்டு நூதனசாலைக்குச் சென்றால், பழைய மணிக்கூடுகளைத் திருத்தும் கூடத்தைக் கண்ணாடி வழியாகக் காணலாம். இயந்திர மணிக்கூடு செய்யும் கைத்திறனை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபாகவும் ஏற்றுக்கொண்டது. திருத்தத் தெரிந்தவரை இவ்வூர் மதிக்கின்றது. தைனமோவைச் சுற்றிய கதையை நம் பிள்ளைகளுக்கு வெட்கமின்றிச் சொல்லலாம்.

ஆகவே எமது கருத்து இதுதான்: வீட்டிலே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று இருக்கவேண்டும், அந்த வேலையின் மொழி தமிழாக இருக்கவேண்டும். வேலை என்று வந்தால் கேள்வி பிறக்கும், "ஏன்?" "எப்படி?" "இதைப் பிடி", "இல்லை அப்பா, மற்றப் பக்கம்" என்று இரு திசையிலும் பேச்சு ஓடும்.

இதற்குப் பெற்றோர் கூறக்கூடிய தடைகளை நாம் அறிவோம். "நேரமில்லை" என்பர். உணவகத்தில் இரவு பதினொரு மணிவரை நிற்பவரின் களைப்பை நாம் எள்ளவில்லை. நாமும் அதே வேலை செய்தவர். வாரத்தில் ஒரு மணிநேரம், ஓய்வுநாளில், போதும். "எமக்குத் திருத்தத் தெரியாது" என்பர். எமக்கும் தெரிந்திருக்கவில்லை. தந்தைக்குத் தெரியாததைக் காணும்போதுதான் பிள்ளை தன் அறிவைக் கொண்டுவந்து வைக்கின்றது. மின்மானியைப் பிடித்தவன் மகன். கம்பிகளை மாற்றும் இரகசியத்தைக் கண்டவனும் மகனே. "தமிழ்ச் சொல் கிடையாது" என்பர். பற்றரி என்றும் வோல்ற் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். வினைச்சொல் தமிழாக இருந்தால் வாக்கியம் தமிழ்தான். பிள்ளை ஒரு சொல்லைப் பிரெஞ்சிற் சொன்னவுடன் சீறி விழுவதால், மறுமுறை அது வாய் திறக்காமலே இருந்துவிடும்.

மணிக்கூடுதான் வேண்டுமென்பதும் இல்லை. சைக்கிளுக்குச் சில்லு ஒட்டலாம். கிழிந்த பையைத் தைக்கலாம். தோசைக்கு மாவரைத்துப் புளிக்க வைக்கலாம். அம்மம்மாவின் பழைய புகைப்படங்களுக்குப் பின்னால் பெயர் எழுதலாம்.

மணிக்கூடு திருத்த விரும்புவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறக் கடமைப்பட்டுள்ளோம். சுவர் மின்சாரத்தில் ஓடுவதைத் திறக்க வேண்டாம். 230 வோல்ற் உயிரைக் குடிக்கும். அதனைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். இரண்டாவது, இருளில் ஒளிரும் எண்களைக் கொண்ட மிகப் பழைய மணிக்கூட்டின் முகத்தைச் சுரண்டவோ திறக்கவோ வேண்டாம். 1960களின் தொடக்கம் வரை இந்நாட்டு மணிக்கூட்டுத் தொழிலில் ரேடியம் கலந்த பூச்சுப் பயன்பட்டது. அப்பூச்சு வேலை நடந்த வீடுகளைத் தேடிச் சோதித்துத் துப்புரவாக்கும் பணியை அண்மைக் காலம் வரை அரசு செய்யவேண்டியிருந்தது. அந்த வேலையை வீட்டிலிருந்து செய்தவர்களுட் பலர் பெண்கள் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

எமது பாடசாலைக்கும் ஒரு வேண்டுகோள். தவணைக்கு ஒரு சனிக்கிழமையைத் "திருத்தும் நாள்" என வைப்போம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பழுதான பொருளொன்றைப் பெற்றோருடன் கொண்டுவரட்டும். எம்மிடையே மின்வேலை, தையல், தச்சு அறிந்த பெற்றோர் பலர் இருக்கின்றனர். விழா மேடைக்கு அவர்களை நாம் அழைப்பதில்லை. அன்று அவர்களே ஆசிரியராக இருக்கட்டும். திருத்தியதைப் பற்றிப் பிள்ளை ஐந்து வரி எழுதட்டும். அந்த ஐந்து வரி, மனனஞ் செய்து ஒப்புவிக்கும் பேச்சுப்போட்டி உரையிலும் மேலானது என்பது எமது துணிபு.

எமது மணிக்கூடு இப்போது ஓடுகின்றது. விரலளவான சிறு மின்பலகை ஒன்று தாய்மணிக்கூட்டின் இடத்தில் இருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றித் துடிப்பு அனுப்புகின்றது. அதனுள் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்துக்கான குவார்ட்ஸ் இயக்கத்தின் முதல் மாதிரிகளுட் சில 1967ஆம் ஆண்டு எமது மாநிலத்து நூஷாத்தெல் நகரிலேயே உருவாயின. பின்னர் மலிவான குவார்ட்ஸ் கடிகாரங்கள் உலகெங்கும் பெருகியதும், 1970ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே எஞ்சினர். முதியவரின் தொழிற்கூடமும் அக்காலத்திலேயே மூடப்பட்டது. தம் தொழிலைப் பறித்த படிகமே தம் மணிக்கூட்டை இன்று ஓட்டுகின்றது என்று மகன் சொன்னபோது, அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஓடுகின்றதல்லவா, அது போதும்" என்றார்.

இந்த மணிக்கூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. அதன் முள் பின்னோக்கிச் செல்லாது. மார்ச் மாத இறுதியில் கோடைகால நேரம் வரும்போது அறுபது துடிப்புகளை விரைவாகக் கொடுத்து முன்னே தள்ளிவிடலாம். ஒக்ரோபர் இறுதியிலே நேரத்தை ஒரு மணி பின்னே வைக்கவேண்டியபோது அது முடியாது. அந்த ஒரு மணிநேரமும் மணிக்கூட்டை நிறுத்திவைத்து, நேரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். சென்ற ஒக்ரோபரில் நாமும் மகனும் அதன் முன்னே அமர்ந்து காத்திருந்தோம். அவன் தன் வகுப்பிலே நடந்த ஒன்றைத் தமிழிற் சொல்லத் தொடங்கி, நடுவிலே ஒரு சொல் கிடைக்காமல் நின்றான். முன்னர் என்றால் நாமே அச்சொல்லை எடுத்துக் கொடுத்திருப்போம். அல்லது அவன் பிரெஞ்சுக்கு மாறியிருப்பான். அன்று நாம் வாய் திறக்கவில்லை. அவனாகவே அச்சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தான்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் நின்றுபோன பொருள் ஏதேனும் ஒன்று இருக்கும். இந்த விழா முடிந்து வீடு சென்றதும் அதனை மேசையிலே எடுத்து வையுங்கள். மாணவச் செல்வங்களே, அதன் ஒவ்வொரு பாகத்தையும் காட்டி "இது என்ன?" என்று தமிழிற் கேளுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதைப் பற்றி நீங்கள் எழுதவேண்டும். எமது பக்கத்தை உங்களுக்கு விட்டுத்தரக் காத்திருக்கின்றோம்.